வெளியே போகிறவர் முதலில்

மனுஷனுக்கு வயது ஐம்பத்தெட்டு. வீடியோ கேம் என்ற ஒன்றை வாழ்நாளில் அவர் கையால் தொட்டதில்லை. மகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது டிவிக்குக் குறுக்கே நடந்துபோய்த் திட்டு வாங்கியதுதான் அவருக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம். அப்படிப்பட்டவர், இந்த ஆண்டு வரப்போகிற கால்பந்து விளையாட்டுக்காக நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, நாளுக்கு நாலு தடவை "எத்தனை நாள் இருக்கு?" என்று மகளைப் பிய்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார் என்றால், காரணம் இல்லாமலா இருக்கும்?

வாரத்தில் ஐந்து நாள் அவருக்கு லிஃப்ட் சோதிக்கிற வேலை. கட்டடம் கட்டடமாக ஏறி, கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் 'உடனே சரிசெய்யப்பட வேண்டும்' என்று முடித்து அறிக்கை எழுதித் தருவார். ஞாயிற்றுக்கிழமையானால் கால்பந்து மைதானத்தில் நாலாவது நடுவர். நாலாவது நடுவர் ஓடமாட்டார், விசில் ஊதமாட்டார். கோட்டுக்கு வெளியே நிற்பார். ஆட்டக்காரரை மாற்றும்போது எண் ஒளிரும் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். சிவப்பில் தெரிவது வெளியே போகிறவரின் எண், பச்சையில் தெரிவது உள்ளே வருகிறவரின் எண். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பலகையைத் தூக்கித் தூக்கி, மைதானத்தில் அவருக்குப் பெயரே பலகைக்காரர் என்று ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

அவர் கீழே பலகையைத் தூக்குவார். மேலே கண்ணாடி அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அதை மைதானம் முழுக்கச் சொல்வது அவர் மனைவி. அவளுக்கு அதில் ஒரு முறை உண்டு. "வெளியே, எண் பதினேழு" என்று சொல்லிப் பெயரையும் சொல்வாள். அப்புறம் நிறுத்திவிடுவாள். அந்த ஆட்டக்காரன் நடந்து வந்து கோட்டைத் தாண்டுகிறவரை வாய் திறக்கமாட்டாள். தாண்டிய பிறகுதான் "உள்ளே, எண் ஒன்பது." மற்ற மைதானங்களில் இரண்டையும் ஒரே மூச்சில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று கால்பந்துக் கழகச் செயலாளர் ஒரு நாள் சலித்துக்கொண்டார்.

"போறவன் ஒரு மணி நேரமா ஓடியிருக்கான் சார். அவனுக்குக் கை தட்ட கொஞ்சம் நேரம் வேணாமா? வர்றவன் பேரைச் சொல்லிட்டா அப்புறம் யார் அவனைப் பார்க்கப்போறா?" என்றாள் அவள். செயலாளர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்த விளையாட்டைத் தயாரிக்கிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை பெரிய கழகங்கள் மட்டுமில்லாமல், கீழ்ப் பிரிவில் ஆடுகிற சின்னக் கழகங்களையும் சேர்க்கப்போகிறார்களாம். நாற்காலி, கொடிக்கம்பம், கூரை ஒழுகுகிற இடம் என்று ஒன்று விடாமல் படம் பிடித்தார்கள். அறிவிப்பாளர் குரலும் வேண்டும் என்றார்கள். சுவரெல்லாம் பஞ்சு அடைத்த ஓர் அறையில் அவளை மூன்று நாள் உட்காரவைத்து, ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எல்லா எண்களையும் எழுநூறு சொச்சம் பெயர்களையும் சொல்ல வைத்தார்கள். வருகிறவரை முதலில் சொல்லும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். வரிசை தப்பு என்று அவள் சொன்னாள். அதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மூன்றாம் நாள் அவளுக்குக் குரல் கொஞ்சம் கம்மியது. இவ்வளவு பேசினால் கம்மாமல் என்ன செய்யும் என்று வெந்நீர் கொடுத்தார்கள். பலகைக்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

அந்தக் கம்மல் போகவே இல்லை. ஆறாவது மாதம் டாக்டர்கள் அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான், பெரிதுதான். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி, கையில் எழுதி எழுதி அழிக்கிற ஒரு சிலேட்டு. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு மாதிரி ஒரு ரீங்காரம் வருகிற கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அவள் அதை ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். 'கொசு மைக் பிடிச்ச மாதிரி இருக்கு' என்று சிலேட்டில் எழுதிவிட்டு அலமாரியில் போட்டுப் பூட்டினாள்.

வீட்டில் அவள் குரல் எங்கேயாவது இருக்கிறதா என்று மகள் தேடாத இடமில்லை. மைதானத்தில் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று, அதை யார் பதிவு செய்தார்கள்? கல்யாண வீடியோவில் மேளச்சத்தம். மகளின் போனில் மூன்று நொடி வீடியோ ஒன்று அகப்பட்டது. அதில் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ஏய், எடுக்காதடி, தலை கூட வாரல" என்கிறாள். முப்பது வருஷம் ஊரே கேட்ட குரலுக்கு மிச்சம் இவ்வளவுதான்.

ஆக, அவள் குரல் முழுசாக இருக்கிற ஒரே இடம் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர். அது வெளியே வருகிற ஒரே வழி அந்த விளையாட்டு. இப்போது புரிகிறதா, சிவப்பு வட்டம் எதற்கென்று?

வெளியீட்டுக்கு எட்டு வாரம் இருக்கும்போது முதல் முன்னோட்டம் வந்தது. விளையாட்டை முன்கூட்டியே ஆடிப் பார்க்க அழைக்கப்பட்ட ஒருவர், தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் பேசினார். புல் நிஜப் புல் மாதிரி வளைகிறதாம், வலை எப்படிக் குலுங்குகிறது பாருங்களாம், ஆட்டக்காரன் காதில் வியர்வை வழிகிறதாம். மனிதர் வாய் ஓயவில்லை. பதினான்காவது நிமிடத்தில் அவர் புல்லைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தபோது, அவர் பேச்சுக்கு அடியில் ஒரு குரல், "...எண் பதினேழு" என்றது.

பலகைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மகள் பின்னால் தள்ளிப் போட்டாள். மறுபடியும் கேட்டார்கள். அப்புறம் ஒரு முப்பது தடவையாவது கேட்டிருப்பார்கள். அந்தத் தொப்பிக்காரர் மட்டும் கையில் கிடைத்திருந்தால் வாயில் துணியை அடைத்திருப்பார் அவர்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டப் போனார். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு தலையை ஆட்டினாள். சிலேட்டில் எழுதினாள்: 'இப்போ வேணாம். முழுசா வரட்டும். ஒரு மேட்ச் ஃபுல்லா உட்கார்ந்து கேட்கிறேன்.' எழுதிவிட்டு நாட்காட்டியைப் பார்த்தாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்த விளையாட்டுதான். ஒவ்வொரு வருஷமும் வாங்குகிறவர்களில் சிலருக்குச் சோதனைப் பதிப்பு என்று ஒன்றை முன்கூட்டியே அனுப்புவார்கள். ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு அது கிடைத்தது. அப்பாவும் மகளும் ஒரு சனிக்கிழமை காலை, அம்மா கடைக்குப் போன சமயம் பார்த்து, தங்கள் சின்ன மைதானத்தைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கூரை ஒழுகுகிற இடம்கூட அப்படியே இருந்தது. அறுபதாவது நிமிடம் மகள் ஓர் ஆட்டக்காரனை மாற்றினாள்.

"உள்ளே வருபவர் எண் ஒன்பது வெளியே செல்பவர் எண் பதினேழு."

அவள் குரல்தான். குறுக்கே யாரும் பேசவில்லை. மகள் அழுதாள். பலகைக்காரருக்கும் கண் நிறைந்தது. ஆனால் பாழாய்ப்போன பழக்கம் விடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வரிசை தப்பா இருக்கே" என்றார்.

"அப்பா, விடுங்கப்பா" என்றாள் மகள்.

அவர் விடுகிற ஆளா? போகிறவன் இன்னும் நடுமைதானத்தில் நிற்கிறான், அதற்குள் அடுத்தவன் பெயரைச் சொல்லிவிட்டார்களே! இப்படிச் சொன்னது தன் மனைவி என்று உலகம் நினைக்கலாமா? அன்றைக்கே அந்தப் பஞ்சு அறையில் அவள் சொல்லியும் கேட்காமல் இப்படிச் செய்துவிட்டார்களே என்று அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றார்களாம். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா?

குறை சொல்வதற்கு ஒரு படிவம் இருந்தது. மகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி அவர் நின்றுகொண்டே வாசகம் சொன்னார். 'வெளியே போகிறவர் முதலில். அவர் கோட்டைத் தாண்டும்வரை அறிவிப்பாளர் காத்திருக்க வேண்டும். உடனே சரிசெய்யப்பட வேண்டும்.' கோளாறு எத்தகையது என்று கேட்டு மூன்று கட்டங்கள் இருந்தன: இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது. மகள் முதல் கட்டத்துக்குப் போனாள். அவர் தடுத்தார். முப்பது வருஷமாக லிஃப்ட் அறிக்கை எழுதுகிறவர் அவர். லிஃப்டில் இலேசான கோளாறு என்று ஒன்று கிடையாது. அப்படி எழுதினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், கம்பிவடம் அறுந்த பிறகுதான் வருவார்கள். "கடுமையானதுன்னு போடு" என்றார். போட்டாள்.

அதோடு நின்றாரா? படிவத்தின் கீழே 'எனக்கும் இதே குறை' என்று மற்றவர்கள் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. மகளோடு விளையாடுகிற தோழர் தோழியர், நடுவர் சங்கத்துக்காரர்கள், மைதானத்துக்கு வருகிறவர்கள் என்று ஒருத்தரையும் விடாமல் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டவர்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. போகிற ஆட்டக்காரனுக்குக் கை தட்டவிடுங்கள் என்று யாரோ எங்கேயோ எழுத, அது பரவி, ஒரே வாரத்தில் நாலாயிரம் பேர் அழுத்திவிட்டார்கள். பலகைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்காக ஊரே கேட்கிறது பார் என்று மகளிடம் மார்தட்டிக்கொண்டார். முழுப் பதிப்பு வரும்போது அவள் எப்படிச் சொல்வாளோ அப்படியே இருக்கும், அவள் அதைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மகள் கடையிலிருந்து போன் செய்தாள். குறையை ஏற்றுக்கொண்டார்களாம். சொன்னேனா இல்லையா என்றார்.

"அப்பா, முழுசாக் கேளுங்க. அம்மா சொன்னது எல்லாம் உள்ளே வர்றவர் முதல்ல வர்ற ராகத்துல பதிவானதாம். வெட்டி மாத்தினா குரல் உடையுதாம். அதனால பழைய பதிவை மொத்தமா எடுத்துடறாங்களாம். புதுசாப் பதிவு பண்ணப் போறாங்களாம்" என்றாள்.

அவர் அப்போது பதினோராவது மாடியில், லிஃப்ட் இயந்திர அறையில் நின்றுகொண்டிருந்தார். கீழே யாரோ பொத்தானை அழுத்த, பக்கத்திலிருந்த சக்கரம் சுற்றத் தொடங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் இருவரும் மகளின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். புகாரைத் திரும்பப் பெறலாம் என்றால் அதற்குப் பொத்தானே இல்லை. ஏற்கப்பட்ட குறை ஏற்கப்பட்டதுதான். இருக்கிற பதிப்பிலிருந்தாவது குரலை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மகள் விளையாட்டு இயந்திரத்தைப் போட்டாள். அது தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. ஆட்டக்காரனை மாற்றினாள். சத்தமே வரவில்லை. பலகை மட்டும் உயர்ந்து இறங்கியது. அன்றைக்கே பதிவு செய்து வைத்திருக்கலாமே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆறு வாரத்தில் முழுசாக வரப்போகிற ஒன்றை எந்தப் பைத்தியக்காரன் திருடி வைத்துக்கொள்வான்?

கம்பெனிக்கு எழுதினார். வரிசை தப்பாகவே இருக்கட்டும், குரலை எடுக்காதீர்கள், அவளால் இனிமேல் பேச முடியாது என்று எழுதினார். பழைய பதிவையாவது எங்களுக்குத் தாருங்கள் என்று கெஞ்சினார். முப்பது வருஷத்தில் யாருக்கும் 'தயவுசெய்து' என்று எழுதாத மனுஷன் அந்த ஒரே கடிதத்தில் ஐந்து தடவை எழுதினார். வியாழக்கிழமை பதில் வந்தது. மிக மரியாதையான பதில். மனமார வருந்துகிறார்களாம். ஆனால் கடுமையானது என்று குறிக்கப்பட்டு இத்தனை பேர் ஆதரித்த குறையை அப்படியே விட்டு வெளியிட அனுமதி கிடையாதாம். பதிவுகள் கம்பெனியின் சொத்தாம், வெளியே தர முடியாதாம். அவள் குரலிலிருந்து இயந்திரக் குரல் செய்யலாமா என்றால் அதற்கு வேறு ஒப்பந்தம், வேறு பிரிவு, வேறு மாதம். வெள்ளிக்கிழமையோடு ஒலி வேலை பூட்டப்படுகிறது. திட்டியிருந்தால் திரும்பத் திட்டலாம். இப்படித் தன்மையாக எழுதுகிறவர்களை என்ன செய்வது?

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாளாக அவர் தவித்துக்கொண்டிருந்தார். அவளோ எதுவும் நடக்காதது போல் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை ஓடாமல் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பி வந்தார். மாடிப்படியில் ஏறும்போதே ஒரு ரீங்காரம் கேட்டது. ஷேவிங் மெஷின் ஓடுகிறதோ என்று நினைத்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, மைதானத்துக்குப் போகிற நீலப் புடவை கட்டியிருந்தாள். எதிரே நாலு புத்தகத்தை அடுக்கி அதன் மேல் போனை நிறுத்தியிருந்தாள். அலமாரியில் பூட்டி வைத்த கருவி கழுத்தில் அழுந்தியிருந்தது.

"வெ-ளி-யே. எண். ப-தி-னே-ழு" என்றது கருவி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். அப்புறம் நிறுத்தினாள். உதட்டை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே ஓர் ஆட்டக்காரன் மெதுவாக நடந்து வருகிறான், அவன் கோட்டைத் தாண்ட வேண்டும். பலகைக்காரரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவனுக்காகக் காத்து நின்றார். "உள்-ளே. எண். ஒன்-ப-து." அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். அழித்தாள். மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது தடவை அழிக்கும்போது அவரைப் பார்த்துவிட்டாள். கருவியைக் கீழே வைத்துவிட்டு சிலேட்டை எடுத்தாள். 'திங்கக்கிழமையே மெயில் வந்துச்சு. புதுசாச் சொல்லி அனுப்பச் சொல்றாங்க. இன்னைக்குக் கடைசி நாள், இல்லேன்னா வேற குரலாம். முயற்சி பண்ணிப் பார்த்தேன். வரல.'

ஒப்பந்தத்தில் இருந்தது அவளுடைய முகவரி, கம்பெனி அவளுக்குத்தானே முதலில் எழுதியிருக்கும் என்பதுகூட இந்த நாலு நாளில் அவருக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் இனி அந்த வீட்டில் நிற்க முடியாது.

"நான்தான்மா. அந்தப் புகாரை எழுதினது நான்தான்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். சிலேட்டைத் துடைத்தாள். நிதானமாக எழுதித் திருப்பிக் காட்டினாள்.

'தெரியும். மெயில்ல அதை அப்படியே போட்டிருந்தாங்க. உடனே சரிசெய்யப்பட வேண்டும்னு வேற யார் எழுதுவா?'

அவள் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் இன்னொரு வரியை நெருக்கி எழுதினாள்: 'நீங்க எழுதினது சரிதான்.'

சண்டை போட்டிருந்தால், சிலேட்டைத் தூக்கி எறிந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்த ஒரு வரியைத் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவள் போனை எடுத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். கருவியையும் வைத்துப் பூட்டினாள்.

வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு சாயங்காலம், கடைசி முன்னோட்டம் வந்தது. பலகைக்காரர் பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போகப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து சோபாவில் உட்காரவைத்தாள். மகள் ஒரு பக்கம், அவள் நடுவில், அவர் மறுபக்கம்.

அதே தொப்பிக்காரர்தான். ரசிகர்கள் கேட்டது நடந்துவிட்டது, இந்தத் தடவை நான் குறுக்கே பேசமாட்டேன், நீங்களே கேளுங்கள் என்றார். வாயை மூடிக்கொள்ள அவருக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது போலிருக்கிறது. திரையில் அவர்களுடைய சின்ன மைதானம். கோட்டுக்கு வெளியே ஒரு நாலாவது நடுவர் பலகையைத் தூக்கினார்.

"வெளியே, எண் பதினேழு" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். நல்ல குரல்தான், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் அது நின்றது. பதினேழாம் எண்காரன் நடுமைதானத்திலிருந்து தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தான். திரையில் கூட்டம் எழுந்து கை தட்டியது. குரல் காத்திருந்தது.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்தார். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிலேட்டை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தி, அவன் கோட்டைத் தாண்டுகிறவரை நிறுத்தாமல் கை தட்டினாள்.

பலகைக்காரரும் தட்ட வேண்டும் என்றுதான் கையைத் தூக்கினார். அவரால் முடியவில்லை.